அடைப்புக்குறிக்குள் ஓர் எண்: காதால் படிப்பவருக்கு மேற்கோள் எப்படிக் கேட்கிறது?

"பிடிஎஃப் வடிவம் வெளிவந்த ஆண்டு 1993²." அச்சில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணால் படிப்பவருக்குச் சிக்கலே இல்லை. ஆண்டு 1993, அதன் தலையில் பொடியாக உட்கார்ந்திருப்பது குறிப்பு எண். இதே வரியை, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான், சில கோப்புகளில் "பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு" என்று வாசித்துவிடும். எழுத்து சிறிதாக இருப்பதும் மேலே ஏறியிருப்பதும் கண்ணுக்கான சைகைகள். காதுக்கு வந்து சேர்வது ஐந்து இலக்கங்கள் மட்டும்தான்.

ஆய்வேடு, ஆய்விதழ், பாடநூல் என்று மேற்கோள்கள் நிறைந்த எதையாவது பிடிஎஃப்பாக வெளியிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. படங்களுக்கு மாற்று உரை எழுத வேண்டும், தலைப்புகளைத் தலைப்புகளாகவே குறிக்க வேண்டும் என்பதெல்லாம் ஓரளவு பரவிவிட்டது. மேற்கோளும் துணைநூற்பட்டியலும் மட்டும் பெரும்பாலும் கடைசியில் கவனிக்கப்படுகின்றன, அல்லது கவனிக்கப்படுவதே இல்லை.

மேற்கோள் என்பது ஒரு சிறு பயணம். படித்துக்கொண்டே போகிறோம், [12] என்று வருகிறது. யாருடைய கருத்து என்று பார்க்கக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறோம், 12-ஆம் பதிவைப் பார்க்கிறோம், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம். தாளில் என்றால் விரலை அந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பின்னால் புரட்டுவோம். பெரும்பாலும் போவதே இல்லை. [12] என்பதைக் கண் தாண்டிச் சென்றுவிடும். ஆக மூன்று வசதிகள் கண்ணுக்குத் தானாகவே கிடைக்கின்றன: போகலாமா வேண்டாமா என்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம், போனால் சரியான இடத்தில் போய் நிற்கலாம், அப்புறம் திரும்பி வரலாம். இந்த மூன்றையும் காதால் படிப்பவருக்கும் கொடுப்பதுதான் வேலை. கீழே வருகிற நுணுக்கங்கள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

தகவல் எங்கே தொலைகிறது?

லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். நூல் விவரங்களை நாம் ஒரு தரவுக் கோப்பில் ஒழுங்காகத்தான் எழுதுகிறோம்: ஆசிரியர் ஒரு புலம், தலைப்பு ஒரு புலம், ஆண்டு ஒரு புலம். 1985-இல் ஓரன் பட்டாஷ்னிக் உருவாக்கிய பிப்டெக் என்ற துணைநூற்பட்டியல் கருவியின் காலத்திலிருந்தே இந்த முறைதான். எது ஆசிரியர் பெயர், எது நூற்பெயர் என்று கணினிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அச்சுக்கோத்து முடிந்ததும் அதெல்லாம் கரைந்து, பக்கத்தில் இன்ன இடத்தில் இன்ன எழுத்து என்கிற வெறும் படமாகிவிடுகிறது. நூற்பெயர் என்பதற்கு மிஞ்சும் ஒரே அடையாளம் சாய்வெழுத்து. திரைவாசிப்பான்கள் சாதாரணமாகச் சாய்வெழுத்தை அறிவிப்பதில்லை.

பிடிஎஃப்பின் ஆரம்ப வடிவமைப்பே அப்படி. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இது பத்தி, இது பட்டியல், இது இணைப்பு என்று சொல்லும் அமைப்பு 2001-இல் பிடிஎஃப் 1.4 வந்தபோதுதான் சேர்ந்தது. இதைக் குறியிட்ட பிடிஎஃப் என்கிறோம். பக்கத்தின் தோற்றத்துக்கு அடியில் ஒரு மரம்போலக் குறிச்சொற்கள் இருக்கும். திரைவாசிப்பான் அந்த மரத்தைத்தான் படிக்கும். மரம் இல்லாத கோப்பில் மென்பொருள் தானே ஊகித்துக்கொள்ளும். ஊகம் பத்திகளில் ஓரளவு தேறும். துணைநூற்பட்டியலில், அதுவும் பக்கத்தில் இரண்டு நெடுவரிசையாக அடுக்கிய பட்டியலில், பெரும்பாலும் சொதப்பும்.

அணுகத்தக்க பிடிஎஃப்புக்கென்று பன்னாட்டுத் தரம் ஒன்று உண்டு. பிடிஎஃப்/யுஏ என்பது அதன் பெயர். முதல் பாகம் 2012-இலும், பிடிஎஃப் 2.0-ஐ அடிப்படையாகக் கொண்ட இரண்டாம் பாகம் 2024-இலும் வெளிவந்தன.

எண்ணா, பெயரா?

முதலில் போகலாமா வேண்டாமா என்கிற கேள்வி. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் ஆவணத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாகப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது. எண் முறையில் மேற்கோள் காட்டிய ஆய்வுக் கட்டுரையைத் திறந்து அந்தப் பட்டியலைக் கேட்டால் "1, 2, 3, 2, 7, 12" என்று எண்கள் மட்டும் வரும். எந்த எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று ஒன்றும் தெரியாது. அதே கட்டுரை ஆசிரியர்-ஆண்டு முறையில் இருந்தால் "லேம்போர்ட் 1994, க்னூத் 1984" என்று வரும். துறை தெரிந்தவருக்கு அதுவே போதும், பாதி நேரம் பட்டியலுக்குப் போக வேண்டிய தேவையே இருக்காது.

அதனால் என் கட்சி ஆசிரியர்-ஆண்டு முறைதான். ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே அடைப்புக்குறிக்குள் ஏழெட்டு ஆசிரியர்களை அடுக்கி வாக்கியத்தின் நடுவில் செருகினால், வாக்கியம் எங்கே தொடங்கியது என்பதே கேட்பவருக்கு மறந்துபோகும். கண் அடைப்புக்குறியைத் தாண்டிக் குதிக்கும், காது அப்படிக் குதிக்க முடியாது. நீண்ட மேற்கோள் கொத்துகளை வாக்கியத்தின் முடிவுக்குத் தள்ளிவிடுவது நல்லது. எல்லோருக்குமே அது படிக்கச் சுலபம்.

சில ஆய்விதழ்கள் எண் முறையைத்தான் ஏற்கும். அப்போதும் வழி இருக்கிறது. "இது முன்பே நிறுவப்பட்டது [7]" என்று எழுதுவதை விட "க்னூத் இதை முன்பே காட்டியிருக்கிறார் [7]" என்று பெயரை வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம். இரண்டாவது வழி, இணைப்புக்கென்று தனியாக ஒரு விவரிப்பு கொடுப்பது. பிடிஎஃப்பில் ஒவ்வொரு இணைப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விவரிப்புப் புலம் உண்டு. பிடிஎஃப்/யுஏ முதல் பாகம் அதைக் கட்டாயமாகவே கேட்கிறது. அதில் "மேற்கோள் 7, க்னூத், 1984" என்று இருந்தால் பக்கத்தில் [7] மட்டும் அச்சாகியிருந்தாலும் கவலையில்லை. மென்பொருள் தானாக நிரப்பும்போது இணைப்பு போய்ச் சேரும் இடத்தின் குறியீட்டுப் பெயரையோ வெறும் முகவரியையோ போட்டுவைப்பதும் உண்டு. அதைப் புலம் நிரம்பிவிட்டது என்று சொல்லலாமே தவிர விவரிப்பு என்று சொல்ல முடியாது.

[3–7] என்று சுருக்குவதும் இந்த வகைச் சிக்கல்தான். அச்சில் அழகாக இருக்கும். ஆனால் இணைப்பு 3-க்கும் 7-க்கும் மட்டுமே இருக்கும். 4, 5, 6 மூன்றும் எங்கேயும் இல்லை. நடுவில் உள்ள கோட்டைச் சில குரல்கள் விட்டுவிடும், சில குரல்கள் கழித்தல் குறி என்று வாசிக்கும். இடம் இருந்தால் எண்களை முழுதாக எழுதிவிடுங்கள்.

மேற்குறி எண்கள் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆண்டு, அளவு போன்ற எண்களை ஒட்டி அவற்றை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமானால் அந்தக் குறி தனியொரு இணைப்பாகக் குறியிடப்பட்டிருக்க வேண்டும். அப்போது "இணைப்பு, 2" என்று பிரித்துச் சொல்ல மென்பொருளுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

பட்டியல் என்றால் பட்டியல்

துணைநூற்பட்டியலின் பெயரிலேயே பட்டியல் இருக்கிறது, ஆனால் பல கோப்புகளில் குறிச்சொல் மரத்தைத் திறந்து பார்த்தால் அங்கே பட்டியல் இருக்காது. தனித்தனிப் பத்திகள் கிடக்கும். சில சமயம் ஒவ்வொரு வரியும் ஒரு பத்தியாகக் கிடக்கும். பட்டியலாகக் குறியிட்டால் உள்ளே நுழையும்போதே "பட்டியல், 84 உருப்படிகள்" என்று திரைவாசிப்பான் சொல்லும். எவ்வளவு பெரியது என்று உடனே தெரிந்துவிடும். ஒரு விசையைத் தட்டி உருப்படி உருப்படியாகத் தாவலாம். [12] என்ற அடையாளம் தனியாகவும் பதிவின் உடல் தனியாகவும் குறிக்கப்பட்டிருந்தால் இன்னும் தெளிவு.

இதற்கெனத் தனிக் குறிச்சொல் வேண்டாமா என்று கேட்கலாம். பிடிஎஃப் 1.7 வரை நூற்பதிவுக்கென்றே ஒரு தனிக் குறிச்சொல் இருந்தது. பிடிஎஃப் 2.0-இன் புதிய தொகுதியில் அது இடம்பெறவில்லை. மின்னூல்களிலும் வலைப்பக்கங்களிலும் நடந்தது இதே கதை. 2017-இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் (டபிள்யூ3சி) வெளியிட்ட, எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று சொல்லும் மின்பதிப்புக்கான பங்குப் பெயர்களில் நூற்பதிவுக்கும் ஒன்று இருந்தது. அடுத்த பதிப்பில் அதைக் கைவிட்டு, சாதாரணப் பட்டியல் உருப்படியாகவே வையுங்கள் என்றார்கள். இரண்டு தனித்தனி உலகங்கள் ஒரே முடிவுக்கு வந்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம். நூற்பதிவு என்று புதிதாக ஒரு சொல்லைச் சொல்வதை விட, எல்லாத் திரைவாசிப்பான்களுக்கும் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பட்டியல் என்ற அமைப்பே பயனருக்கு உதவுகிறது.

பட்டியலின் தலைப்பும் முறையான தலைப்பாக இருக்க வேண்டும். எழுத்தைத் தடித்தும் பெரிதாக்கியும் வைத்தால், தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போகிறவர் துணைநூற்பட்டியல் என்று ஒன்று இருப்பதையே அறியாமல் தாண்டிவிடுவார். பக்கத் தலைப்பு வரியும் பக்க எண்ணும் அலங்காரப் பொருள், அதாவது படிக்காமல் தாண்ட வேண்டியது, என்று குறிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கங்களில் பிரிந்து விழுந்த நூற்பதிவின் நடுவே, ஆசிரியர் பெயருக்கும் நூற்பெயருக்கும் இடையில், "212, அதிகாரம் ஐந்து" என்று ஒரு குரல் வந்து நுழையும்.

கோடும் மேலதும்

ஒரே ஆசிரியரின் நூல்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவதிலிருந்து பெயருக்குப் பதிலாக நீளக் கோடு போடுகிற வழக்கம் உண்டு. கண்ணுக்கு அது சிக்கனம். காதுக்கு அது "கோடு" என்ற சொல், அல்லது ஒன்றுமே இல்லை. உரையிலிருந்து இணைப்பைப் பிடித்து நேரே மூன்றாவது பதிவில் வந்து இறங்கியவருக்கு யாருடைய நூல் என்று தெரிய, மேலே ஒவ்வொன்றாக ஏற வேண்டும். லேட்டெக்கில் மேற்கோள்களைக் கோக்கும் பிப்லேட்டெக் தொகுப்பின் ஆசிரியர்-ஆண்டு பாணி இந்தக் கோட்டை இயல்பாகவே போடும். அதை அணைக்க ஒரே ஒரு அமைப்பு போதும்.

முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்பதற்கு நம் ஆய்வேடுகள் போடும் "மேலது, ப. 45" இதற்கு அண்ணன். அடிக்குறிப்புகளை வரிசையாகப் பார்க்கிற கண்ணுக்கு மேலது எது என்று பக்கத்திலேயே தெரிகிறது. உரையிலிருந்து ஒரே ஒரு அடிக்குறிப்புக்குத் தாவி வந்தவருக்கு மேலே எதுவுமே இல்லை. முந்தைய குறிப்பும் மேலதாக, அதற்கு முந்தியதும் மேலதாக இருந்தால் நான்கு படி ஏறிய பிறகுதான் நூலின் பெயர் கிடைக்கும். முழு விவரத்தையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் போதும். மேலதை அச்சில் காப்பாற்றியே தீர வேண்டும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் பிடிவாதம் பிடித்தால், அந்தச் சொல்லையே மூல நூலின் பதிவுக்கு இணைப்பாக்கிவிடுங்கள்.

"ப.", "பக்.", "தொ.", "பதி." போன்ற சுருக்கங்களும் காதில் நொண்டும். புள்ளி வந்த இடத்தில் வாக்கியம் முடிந்ததாக நினைத்துக் குரல் நிற்கும். பிடிஎஃப்பில் சுருக்கத்தின் விரிவைப் பின்னணியில் எழுதிவைக்கத் தனிப் புலம் இருக்கிறது. ஆனால் ஒரு பட்டியலில் பக்கத்துக்கு முப்பது சுருக்கம் வரும், அத்தனைக்கும் யார் உட்கார்ந்து நிரப்புவது? "பக்கம்" என்றே எழுதிவிடலாம். தாள் கொஞ்சம் கூடும்.

இணைய முகவரிகள்

டிஓஐ எண்ணையோ (கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்) இணைய முகவரியையோ அப்படியே அச்சிடுவது தாளில் படிப்பவருக்கு அவசியம், அதை எடுத்துவிடச் சொல்ல முடியாது. ஆனால் "எச் டி டி பி எஸ் இரட்டைப்புள்ளி சாய்கோடு சாய்கோடு" என்று தொடங்கும் ஒவ்வொரு பதிவையும் 84 முறை கேட்டுப் பாருங்கள். வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.4.4 என்ற விதி, இணைப்பு எங்கே போகிறது என்பது அதன் சொற்களிலிருந்தோ சூழலிலிருந்தோ புரிய வேண்டும் என்கிறது. நூலின் தலைப்பையே இணைப்பாக்குவது ஒரு வழி. முகவரியைக் கடைசியில் வைத்து, இணைப்பின் விவரிப்பில் தலைப்பை எழுதுவது இன்னொரு வழி.

நீளமான முகவரி இரண்டு வரிகளில் உடையும்போது இன்னொரு பிரச்சினையும் வரும். அச்சுக்கோப்பு மென்பொருள் ஒவ்வொரு வரிக்கும் தனி இணைப்புச் சட்டம் போட்டுவிட்டால், கேட்பவருக்கு அது இரண்டு இணைப்புகளாகக் கேட்கும், இரண்டாவது எங்கோ நடுவில் தொடங்கும். உடையும் இடத்தில் இல்லாத ஒற்றைக்கோட்டை மென்பொருள் செருகிவிட்டால் நகலெடுத்த முகவரியும் வேலை செய்யாது.

தமிழும் பிற மொழிகளும் கலந்த பட்டியல்

தமிழ் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் இரண்டு மூன்று மொழிகள் இருப்பது சகஜம். எந்தப் பதிவு எந்த மொழி என்று குறிக்காவிட்டால் ஆங்கில நூற்பெயரைத் தமிழ்க் குரலும், தமிழ் நூற்பெயரை ஆங்கிலக் குரலும் வாசிக்க முயலும். இரண்டாவது வகையில் சில குரல்கள் தமிழ் எழுத்துகளை மௌனமாகவே விழுங்கிவிடும். ஆவணத்தின் மொழியை மொத்தமாகக் குறித்துவிட்டு, மாறும் பதிவுகளுக்கு மட்டும் தனியாக மொழி குறிக்க வேண்டும். பிப்லேட்டெக்கில் ஒவ்வொரு பதிவுக்கும் இதற்கென்று ஒரு புலம் இருக்கிறது. அது முதலில் சொல்பிரிப்புக்காகவும் மொழிசார்ந்த அமைப்புகளுக்காகவும் வந்தது. பிடிஎஃப் குறிச்சொல் வரை அந்தத் தகவல் போய்ச் சேர்கிறதா என்பதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லை கொம்பு. "கொ" என்று எழுதும்போது கணினிக்குள் முதலில் க, அப்புறம் உயிர்க்குறி. பக்கத்தில் வரையும்போது கொம்பு இடப்பக்கம் வருகிறது. வரைந்த வரிசையிலேயே எழுத்துகளைத் திரும்ப எடுக்கும் பிடிஎஃப்பில் கொம்பு முன்னால் வந்து சொல் சிதைந்துபோகும். திரைவாசிப்பானும் தடுமாறும், தேடலும் தோற்கும். பக்கத்தில் வரையப்பட்ட எழுத்து வடிவங்களுக்கு அடியில் உண்மையான எழுத்து வரிசையைப் பதிந்துவைப்பதுதான் தீர்வு. ஸீடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் இதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் கோத்த கோப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே கண்ணுக்குத் தமிழ் தெரியும், உள்ளே லத்தீன் எழுத்துக் குப்பை இருக்கும்.

திரும்பி வருவது

எல்லோரும் இணைப்பைப் போகும் வழியாகத்தான் நினைக்கிறார்கள். லேட்டெக்கில் இணைப்புகளை உருவாக்கும் ஹைப்பர்ரெஃப் தொகுப்பைச் சேர்த்தால் [12] ஒரு சொடுக்கில் பட்டியலுக்குப் போய்விடும், வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் பழைய முறையில் இணைப்பின் இலக்கு என்பது ஒரு பக்கமும் அதில் ஒரு உயரமும்தான். திரை அந்த இடத்துக்கு உருளும். திரைவாசிப்பானின் சுட்டி படித்துக்கொண்டிருப்பது குறிச்சொல் மரத்தை. பக்கத்தின் உயரத்தை வைத்து மரத்தில் இடம் கண்டுபிடிக்க அது திணறும். பல நேரம் பக்கத்தின் தலையில் போய் நிற்கும், 12-ஆம் பதிவு அந்தப் பக்கத்தின் கடைசியில் இருக்கும். பிடிஎஃப் 2.0 இதற்காகவே மரத்தின் கிளையையே இலக்காகக் கொள்ளும் புதுவகை இலக்கைச் சேர்த்தது. ஆவணத்துக்குள் போகும் இணைப்புகளுக்கு இந்த வகையே வேண்டும் என்று பிடிஎஃப்/யுஏ இரண்டாம் பாகம் கேட்கிறது. படிக்கும் மென்பொருள்கள் எல்லாம் இதற்கு ஒரே அளவில் ஒத்துழைப்பதில்லை.

திரும்புவதற்கு அக்ரோபாட்டில் ஆல்ட் விசையோடு இடது அம்பு இருக்கிறது. வேறு சில மென்பொருள்களில் அதுவும் கிடையாது. அதனால் பட்டியலின் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அது எங்கெங்கே மேற்கோள் காட்டப்பட்டது என்று பக்க எண்களை இணைப்பாகக் கொடுக்கும் வசதியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். பயனுள்ளதுதான், ஆனால் பெரும்பாலும் அந்த இணைப்பு பக்கத்துக்குத்தான் அழைத்துப் போகும், நாம் விட்ட வாக்கியத்துக்கு இல்லை. நாற்பது இடத்தில் காட்டிய நூலுக்கு நாற்பது இணைப்பும் வரும். அடிக்குறிப்புக்கு இந்தத் தலைவலி குறைவு. ஒரு குறிப்புக்கு ஒரே ஒரு வந்த இடம்தான், ஒரே ஒரு திரும்பும் இணைப்பு போதும்.

எதை வைத்துச் செய்வது?

வேர்டில் எழுதுகிறவர்கள் தலைப்பு, பட்டியல், அடிக்குறிப்பு ஆகியவற்றை அதன் சொந்தக் கருவிகளால் செய்து, குறியிட்ட பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்தால் பெரும்பகுதி வந்துவிடும். அதன் மேற்கோள் கருவி மட்டும் உரையிலிருந்து பட்டியலுக்குத் தானாக இணைப்பு போடாது, கையால் போட வேண்டும். லேட்டெக்கில், அதை உருவாக்கும் திட்டக்குழுவே சில ஆண்டுகளாகக் குறியிடலை மையத்துக்குள் கொண்டுவந்துகொண்டிருக்கிறது. ஆவண வகுப்பை அறிவிக்கும் வரிக்கு முன்பே ஒரு கட்டளையில் மொழியையும் தரத்தையும் சொல்லிக் குறியிடலை இயக்கலாம். லேட்டெக் கோப்பைப் பிடிஎஃப்பாக்கும் லுவாலேட்டெக் இயந்திரத்தைத்தான் அவர்கள் பரிந்துரைக்கிறார்கள். எந்தத் தொகுப்பு இதனோடு ஒத்துப்போகிறது என்ற பட்டியலையும் வைத்திருக்கிறார்கள். உங்கள் மேற்கோள் தொகுப்பு அதில் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது பார்க்காதீர்கள். முடிந்த பிடிஎஃப்பில் கையால் குறிச்சொல் சேர்ப்பதும் சாத்தியம்தான். ஆனால் மூலத்தில் ஒரு எழுத்தைத் திருத்திப் புதிதாக எடுத்தால் அத்தனை உழைப்பும் போய்விடும்.

சோதிக்க பிஏசி, வேராபிடிஎஃப் என்ற கருவிகள் இருக்கின்றன. பிடிஎஃப்/யுஏ முதல் பாகத்துக்கான மேட்டர்ஹார்ன் நெறிமுறை 31 சோதனைப் புள்ளிகளில் 136 தவறு வகைகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் கணிசமானவற்றை மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இணைப்புக்கு விவரிப்பு இருக்கிறதா என்று கருவி சொல்லும், அது புரிகிற விவரிப்பா என்று சொல்லாது.

அதனால் கருவி பச்சை காட்டிய பிறகு இன்னொன்றும் செய்யுங்கள். என்விடிஏவை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, உங்கள் ஆவணத்தின் நடுவில் எங்கேயாவது தொடங்குங்கள். அடுத்த மேற்கோள் வரும்வரை கேளுங்கள், போங்கள், நூற்பெயரைக் கேளுங்கள், திரும்பி வந்து விட்ட வாக்கியத்தை முடியுங்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது எல்லாச் சோதனையிலும் தேறிய என் சொந்தக் கோப்பில்தான் செய்தேன். பட்டியலுக்கு ஒழுங்காகப் போனேன். திரும்பியபோது குரல் படித்தது அட்டைப் பக்கத்தில் இருந்த என் பெயரை.